சிரட்டையில் ஏழு ஊசி

என் ஒன்பதாவது வயதில் ஒருநாள் வாப்பாவின் ஊசியைக் கொண்டு மீன் பிடிக்கப் போனேன். மீன் அகப்பட்டிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

வாப்பா செற்றி தைப்பவர். மூன்று பேர் இருக்கக்கூடிய நீளக் கதிரை ஒன்றும் ஒருவர் இருக்கும் கதிரை இரண்டும் சேர்ந்தால் ஒரு செற்றி. தச்சனிடமிருந்து அவை எலும்புக்கூடாக வந்து சேரும். சதையும் தோலும் எங்கள் வீட்டில் போடப்படும். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் கடை. வேலை செய்தவர்கள் இரண்டே பேர், வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும். வாலிபர்கள் சவூதிக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார் என்பதால், வீட்டைக் கட்டி நிரப்பி வைப்பது பெண்வீட்டார் பாடு. தங்கச்சிமாருக்காக வெளிநாட்டில் வெயிலில் நின்றவர்கள், முன்னறையில் ரெக்சின் செற்றி கிடக்கவேண்டும் என்று கடிதத்தில் எழுதினார்கள்.

வாப்பாவுக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. தேங்காய் நாரான தும்பை மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடாமல் உள்ளே வைக்கமாட்டார். உப்புத் தண்ணீரில் ஊறிய தும்பு மாரி காலத்தில் வியர்க்கும், இருப்பவருடைய இடுப்பில் கட்டிய சாரனும் நனையும் என்பார். இலவம் பஞ்சில் ஒரு கொட்டைகூடக் கிடக்கக்கூடாது. அதைத் தடவிப் பார்ப்பது என் வேலை. என் கை சின்னக் கை, பஞ்சுக்குள் முழங்கைவரை போகும். "இந்தப் புள்ளட கையில கண் இரிக்கி" என்று சாச்சா சொல்வார். அந்தச் சொல்லுக்காகவே நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவேன்.

இன்னொன்று, எந்த மெத்தையையும் வாப்பா முழுதாகத் தைத்து முடித்துக் கொடுக்கமாட்டார். ஒரு கை நுழையும் அளவுக்கு ஓரத்தில் தையல் போடாமல் விட்டிருப்பார். கைவாசல் என்று அதற்குப் பெயர். சாமானுக்குச் சொந்தக்காரர் வந்து அதற்குள் கையை விட்டு, பஞ்சைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே அதைத் தைத்து மூடுவார். "தைச்சதுக்குப் புறகு நான் சொல்றதத்தான் நீங்க நம்போணும். இப்ப உங்கட கைய நம்புங்க" என்பார்.

பிடிவாதங்களில் பெரியது ஊசி. ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் மெழுகை உருக்கி ஊற்றி ஆறவைத்திருந்தார். ஏழு ஊசிகள், நேரானவை மூன்றும் வளைந்தவை நான்கும், காது மேலே தெரிய அந்த மெழுகில் குத்தி நிற்கும். ஒரு சாமான் எங்கள் வாசலைத் தாண்டுமுன் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவார். ஏழு இல்லாவிட்டால் வண்டி நகராது. ஊசி பஞ்சுக்குள் போனால் ஒரு வருடம் தூங்கும், அடுத்த வருடம் ஏதோ ஒரு பிள்ளையின் தொடைக்குள் விழிக்கும் என்று அவருக்குப் பயம். "எங்கட காக்கா பொண்டாட்டி புள்ளய எண்ண மறந்தாலும் ஊசிய எண்ண மறக்கமாட்டாரு" என்று சாச்சா தன் அண்ணனைப் பற்றி வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வளைந்த ஊசியை நான் எடுத்த காரணம் அதன் வளைவுதான். பார்க்கத் தூண்டில் போலவே இருந்தது. போதாததற்கு நூல் கட்ட ஒரு காதும் இருந்தது. தூண்டில் செய்தவனைவிட ஊசி செய்தவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். உம்மா ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு உருண்டை கிள்ளி, மெத்தை நூலையும் எடுத்துக்கொண்டு, குர்ஆன் ஓதும் ஓதப்பள்ளி விட்டு வரும் வழியில் தோணாவுக்குப் போனேன். தோணா என்பது எங்கள் ஊரில் கடலுக்குக் கிட்டே தேங்கிக் கிடக்கும் நீரோடை. மாவை எறிந்து கொஞ்ச நேரம் இருக்கவில்லை, ஏதோ ஒன்று வந்து பிடித்தது. நான் இழுத்தேன், அது இழுத்தது. பிறகு நூல் மட்டும் லேசாக என் கைக்கு வந்தது.

பாவாடை முழங்கால்வரை நனைய இறங்கித் தேடினேன். சேறுதான் வந்தது.

அன்றைக்குத்தான் மருதமுனைச் செற்றி போகவேண்டிய நாள். வைன் நிறத்து ரெக்சின், முதுகில் பொத்தான் வைத்துக் குழிவாகத் தைத்தது. அதற்குச் சொந்தக்காரி மருதமுனையில் தறிகள் வைத்திருந்த ஒரு வீட்டுக்காரி, மூத்த மகளுக்கு இரண்டு நாளில் கலியாணம். அன்று காலையில் வந்து மூன்று கதிரையின் கைவாசலிலும் கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி பஞ்சை மூக்கில் வைத்து மணந்தும் பார்த்து, "தம்பி, ஒரு குறையுமில்ல, தைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாப்பா அவர் முன்னாலேயே தைத்து மூடியிருந்தார். இனி எண்ண வேண்டியது ஊசி மட்டும்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாட்டு வண்டி வாசலில் நின்றது. வாப்பா அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் போயிருந்தார், சாச்சா கயிறு தேடிக்கொண்டிருந்தார். சிரட்டையைப் பார்த்தேன். ஏழாவது ஊசி நின்ற இடத்தில் மெழுகில் ஒரு குட்டி ஓட்டை. அந்த ஓட்டை என்னைப் பார்த்த மாதிரி யாரும் அதுவரை என்னைப் பார்த்ததில்லை.

கொட்டிலின் மூலையில் சாச்சாவின் உடைந்த குடை கிடந்தது. குடைக்கம்பியின் நுனியில், துணியைக் கட்டுவதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கேடு. ஒரு விரல் நீளத்துக்குக் கம்பியை மடக்கி மடக்கி ஒடித்தேன், கல்லில் வைத்து வளைத்தேன், துளை மேலே தெரிய மெழுகில் குத்தினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே எது ஊசி எது கம்பி என்று தெரியவில்லை. நான் வாப்பாவின் மகள்தான், வேலை சுத்தம்.

வாப்பா வந்து விரலால் தொட்டு எண்ணினார். ஏழு. வண்டி போனது.

மறுநாள் காலையில் ஒரு மெத்தை ஓரம் தைக்க அவர் சிரட்டையிலிருந்து உருவிய முதல் ஊசி அந்தக் குடைக்கம்பி. நான் கதவுக்குப் பக்கத்தில் பாடப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த குடையைப் பார்த்தார். பிறகு சாச்சாவைப் பார்த்தார்.

"இது உன்ட குடதானே?"

"ஓம் காக்கா. குட என்ட. ஆனா குத்தினது நானில்ல. அல்லாஹ்வறிய நானில்ல."

"பின்ன ஆரு? குட தானா வந்து குத்திக்கிட்டா?"

சாச்சாவின் முகம் சிவந்தது. எப்போதும் பகிடி பேசுகிறவருக்குப் பகிடி வராதபோது முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். வாப்பாவின் கணக்கு எளிமையானது. வேலை நடக்கும்போது ஊசி தொலைந்திருக்கிறது, பயத்தில் தம்பி அதை மறைத்திருக்கிறான், ஊசி மருதமுனைக்குப் போன செற்றிக்குள் கிடக்கிறது. நாளைக்கு அதில் புதுமாப்பிள்ளை இருக்கப்போகிறார். இன்றைக்கு லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் அக்காமாரான ராத்தாமார் வீடு பார்க்க வரப்போகிறார்கள்.

சொல்லியிருக்கலாம். வாய் திறந்து ஒரே ஒரு வசனம். அந்த வசனம் என் நாக்கின் நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது.

வாப்பா சைக்கிளை எடுத்தார். என்னைப் பார்த்து, "மகள், வாங்க. உங்கட கை தேவ" என்றார்.

இல்லாத ஊசியைத் தேட என் கைதான் வேண்டுமாம்.

வழியெல்லாம் முன் கம்பியில் இருந்தபடி நான் அழாமல் இருக்கப் பாடுபட்டேன். சாச்சா பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்தார். கல்முனைக் கடைத்தெருவைத் தாண்டும்போது பக்கத்தில் வந்து, "காக்கா, ஊசியெண்டு சொல்லவேணாம். பொத்தான் ஒண்டு இறுக்கோணும் எண்டு சொல்லிப்போட்டுப் பிரிப்பம்" என்றார். பாண்டிருப்பையும் தாண்டிய பிறகுதான் வாப்பா, "பொத்தான இறுக்க வந்தவன் அவட பஞ்சையெல்லாம் ஏன் வெளிய எடுக்கான் எண்டு அவ கேட்டா?" என்றார். "அதுக்கு ஒண்டு சொல்லுவம்" என்றார் சாச்சா. "அதுக்குப் புறகு இன்னொண்டு" என்றார் வாப்பா.

மருதமுனை வீட்டில் கலியாண அமளி. முற்றத்தில் பெண்கள் சுற்றியிருந்து பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள், யாரோ தொதல் கிண்டிக் கை சோர்ந்து ஆளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாப்பா முன்னறைப் படியில் ஏறாமல் கீழே நின்றே சலாம் சொன்னார். வீட்டுக்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, இந்நேரத்தில? கலியாணம் நாளைக்கெல்லோ?"

"ராத்தா, என்ட ஊசி ஒண்டு காணல்ல. உங்கட செற்றிக்குள்ள கிடக்கலாம். பிரிச்சிப் பாக்கோணும்."

வீட்டுக்காரி முன்னறைக்குள் கிடந்த செற்றியைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து நான் கைய விட்டுப் பாத்தேனே. சரியெண்டு தைச்சீங்களே."

"ஓம். தைச்சன். இப்ப சரியெண்டு என்னால சொல்லேலாம இரிக்கி."

முற்றத்தில் இருந்த ஒரு பெண், "நல்ல காலம், மாப்பிள்ளை இருந்து எழும்பிக் கத்தினாத்தான் கண்டிரிப்பம்" என்றார். இன்னொருத்தி, "சவூதிக் காசில செஞ்ச சாமானாம், உள்ளுக்கு ஊசியும் சேத்துக் குடுத்திரிக்காங்க" என்றார். சிரிப்பு எழும்பியது. வாப்பாவின் காது நுனி சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டுக்காரி சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு மூன்று மணித்தியாலம் இருந்தது.

"பிரிங்க" என்றார்.

முன்னறையில் பாயை விரித்து முதல் கதிரையைக் கவிழ்த்தார் வாப்பா. நேற்று அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே தைத்த தையலைக் கத்தி நுனியால் ஒவ்வொன்றாக அறுத்தார். ரெக்சின் வாய் திறந்தது. "கைய விடுங்க மகள். மெதுவா. குத்தினா உடனே சொல்லோணும்."

கையை விட்டேன். எங்கே தடவினாலும் பஞ்சு, அதற்குக் கீழே தும்பு. இல்லை என்று எனக்குத் தெரியும், இல்லை என்று தெரியாதவள்போல மெல்ல மெல்லத் தடவவேண்டும். பயந்தவள்போல நடிக்கவேண்டியிருக்கவில்லை, பயம் உண்மையாகவே இருந்தது. வாப்பாவின் கண் என் முகத்திலேயே நின்றது, எந்த நேரமும் நான் துள்ளுவேன் என்று. வீட்டுக்காரியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாச்சா எதிரே இருந்து எடுத்த பஞ்சைக் குடைந்து குடைந்து தேடினார். செய்யாத குற்றத்துக்காக ஒரு மனிதன் அவ்வளவு ஊக்கமாகத் தேடி நான் கண்டதில்லை.

முதல் கதிரையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மிஞ்சியது நீளக் கதிரை. முதுகில் பொத்தான் குழிகள் இருபத்திரண்டு. அவ்வளவையும் அவிழ்த்தால் திரும்பக் கட்டுவதற்கு அஸர் ஆகிவிடும். லுஹருக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. வாப்பா கத்தியை எடுத்து முதல் பொத்தானின் நூலில் வைத்தார். நூலை இழுத்துப் பிடித்தார்.

"வாப்பா, அதுக்குள்ள இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஊசிய நான்தான் எடுத்த. தோணாவில மீன் புடிக்கக் கொண்டு போன. ஏதோ கடிச்சிக்கிட்டுப் போயிட்டு. கம்பி குத்தினதும் நான்தான்." அதற்கு மேல் சொல்லமுடியாமல் அழுதேன்.

சாச்சா கையிலிருந்த பஞ்சைப் பாயில் வைத்தார். வாப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று தோளைக் குறுக்கினேன். அடிக்கவில்லை. கத்தி நுனியைத் திரும்பவும் பொத்தானுக்குக் கொண்டுபோய் நூலை அறுத்தார். டக் என்று பொத்தான் பாயில் விழுந்து உருண்டது.

வீட்டுக்காரிக்கே பொறுக்கவில்லை. "தம்பி, அதான் புள்ள இல்லயெண்டு சொல்லுதே. இன்னும் ஏன் வெட்டுறீங்க? நேரமாகுது."

"அவ என்ட மகள், ராத்தா. நீங்க உங்கட கைய நம்புங்க" என்றார் வாப்பா. அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பொத்தானை அறுத்தார்.

வாப்பா என்னை நம்பவில்லை என்றுதான் அன்று எனக்கு விளங்கியது. இப்படி ஒரு மகளைப் பெற்றுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சுகிறார் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்ன பிறகும் நம்பமாட்டார் என்றால் எதற்காகச் சொன்னேன் என்று கோபமும் வந்தது. அழுதுகொண்டே கையை விட்டேன். குழிக்குக் குழி தடவினேன். இருபத்திரண்டு குழியிலும் இல்லாததைத் தேடினேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் ராத்தாமார் வந்தார்கள். மூன்று பேர், பட்டுச் சாரியும் அத்தர் மணமுமாக. முன்னறை வாசலில் அப்படியே நின்றார்கள். வைன் நிறத்துச் செற்றி வயிறு கிழிந்து கிடக்கிறது, அறை முழுக்கப் பஞ்சு, நடுவில் மூக்கு ஒழுக ஒரு பிள்ளை.

"என்னகா இது?" என்றார் மூத்தவர். "கலியாண வீடா, இலவ மரத்தடியா?"

வாப்பா எழும்பி ஓரத்துக்குப் போனார். ஒரு சொல்லில் எல்லாம் கவிழக்கூடிய இடம் அது. பொத்தான் இறுக்குகிறார்கள் என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தால் வாப்பா மறுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது அந்தப் பெண்ணின் வீடு, அவருடைய மகளின் கலியாணம்.

வீட்டுக்காரி பஞ்சைத் தாண்டி வாசலுக்குப் போனார். பிறகு, "வாங்க மச்சி, உள்ளுக்கு வாங்க" என்றார். "ஊசி ஒண்டு விழுந்திரிக்கும் எண்டு சந்தேகத்தில இந்தத் தம்பி சாய்ந்தமருதில இருந்து வந்து பிரிச்சிக்கிட்டிரிக்காரு. ஒண்டும் விழல்ல. இருந்தாலும் பிரிக்காரு. வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் கைய விட்டுப் பாருங்க. உங்கட தம்பி இருக்கப்போற இடமெல்லோ."

மூத்தவர் வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு கையை விட்டார். மற்ற இருவரும் விட்டார்கள். இளையவருக்குப் பஞ்சு மூக்கில் ஏறி நான்கைந்து தும்மல் வந்தது. பஞ்சில் ஒரு கொட்டைகூட இல்லையே என்று மூத்தவர் சொன்னபோது சாச்சாவின் விரல் ஒருமுறை என் தலையைத் தொட்டுவிட்டுப் போனது. இனிப்பு வந்தது, தேத்தண்ணி வந்தது. பஞ்சுக்கு நடுவில் பாயில் இருந்தே குடித்தார்கள்.

அஸருக்கும் கனநேரம் கழித்துத்தான் வாப்பாவும் சாச்சாவும் தைத்து முடித்தார்கள். ஒரு பொத்தான் எங்கேயோ உருண்டு கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் ஒன்று வைத்து, அதை நாளைக்கே மாற்றித் தருவதாக வாப்பா சொன்னார். "கிடக்கட்டும்" என்றார் வீட்டுக்காரி.

திரும்பும்போது வாப்பா ரோட்டையே பார்த்து மிதித்தார். சாச்சாதான் சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்து, "என்ன புள்ள கடிச்ச? மீனா, முதலையா?" என்று கேட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. கேட்காததை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அன்றிரவும் அடி விழவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாப்பா புது ஊசி ஒன்று வாங்கினார். ஆனால் குடைக்கம்பியைச் சிரட்டையிலிருந்து எடுக்கவில்லை. எட்டாவதாக, ஒரு ஓரத்தில் விட்டுவைத்தார். கடைக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நான் தும்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பஞ்சு தடவ என்னை அவர் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். சிரட்டைப் பக்கம் மட்டும் போகமாட்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து மருதமுனை வீட்டுக்காரி திரும்ப வந்தார். இளைய மகளுக்கு மெத்தையும் தலையணைகளும். அவை முடிந்து கைவாசல் பார்க்க வந்த நாளில் கையை உள்ளே விட்டு, மணந்து பார்த்து, சரி என்றார். வாப்பா தைத்து மூடினார். ஊசியை எண்ணச் சிரட்டையை எடுத்தார்.

"இரிங்க தம்பி" என்றார் வீட்டுக்காரி. "ஊசிய அந்தப் புள்ள எண்ணட்டும்."

இத்தனை மாதம் கழித்தும் மறக்காமல், என் வீட்டுக்கே வந்து, என் வாப்பாவின் முன்னால் என்னை வெட்கப்படுத்துகிறாரே என்று நினைத்தேன். வாப்பா சிரட்டையை என் பக்கம் நீட்டினார்.

பிஸ்மில்லாஹ் சொன்னேன். ஒவ்வொரு ஊசியையும் மெழுகிலிருந்து உருவி, நுனி பார்த்து, திரும்பக் குத்தினேன். ஏழு. நம்பாமல் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். ஏழு. மூன்றாம் முறையும் எண்ணி, குடைக்கம்பியை விலக்கி வைத்து, "ஏழு சரி" என்று சொல்லிக்கொண்டே, அவர் என்ன குறை பிடிக்கப்போகிறார் என்று பயந்து நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் பாக்கு பொறுக்கியபடி, மூத்த மகளுக்கு மாதம் நின்று பிள்ளை உண்டான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெத்தை அதற்குள் வண்டியில் ஏறியிருந்தது.

பஞ்சைக்கூட மணந்து பார்க்காமல் சரி சொல்லாதவர், என்னை எண்ணச் சொல்லிவிட்டு ஏன் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அன்றிரவு படுக்கையில் கிடந்து அழுதேன்.